டெப் வாங்க முன்னர் பேனையைப் பற்றிக் கேளுங்கள்

படம் வரையும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டெப்புக்குக் காசு கட்ட முன்னர் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள்.

தம்புள்ளையிலும் இப்போது டெப்பில் வரையும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மெஹந்தி டிசைன், கலியாணக் கார்ட், அரபு எழுத்தணி என்று என்னிடம் காட்ட வருகிறார்கள். சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்த பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்க இது ஒரு வழி, அதனால் நான் இதை விளையாட்டு என்று தள்ளுவதில்லை. ஆனால் கடையில் சொன்னதை நம்பி எதையோ வாங்கிக் கொடுத்துவிட்டு, கோடு சரியாக வராதபோது "இவளுக்கு வரையத் தெரியாது" என்று முடிவு கட்டுகிறோமே, அதுதான் மனசுக்குக் கஷ்டம். பொருளாதார மத்திய நிலையத்தில் விடிய விடிய மூட்டை இறக்கிய வாப்பாவின் காசும் போய், பிள்ளையின் ஆசையும் போகிறது. அநேகமாகப் பிழை இருப்பது பேனையில்.

"எல்லா டெப்புக்கும் வேலை செய்யும்" என்று விற்கிற ஸ்டைலஸ் இருக்கிறதே, அது வெறும் இன்னொரு விரல். சார்ஜ் போடுகிற வகையானாலும், நுனி மெல்லியதானாலும் அதே கதைதான். அழுத்தினாலும் தடவினாலும் கோடு ஒரே தடிப்பு. உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் ஒரு கோடு விழும். நோட்ஸ் எழுதப் போதும், எழுத்தணிக்கு உதவாது.

அழுத்தத்தை உணரும் ஏற்பாடு டெப்பின் திரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2020இல் வந்த சாம்சங் டெப் எஸ்6 லைட்டில் அது இருக்கிறது. எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வந்தது, அதற்குச் சார்ஜும் தேவையில்லை. நம்மவர்கள் வழமையாக வாங்கும் ஏ7, ஏ8, ஏ9 டெப்களில் எஸ் பென் வேலை செய்யாது. ஐபேட்டிலும் கவனம் வேண்டும். 9ஆம் தலைமுறை ஐபேட்டுக்கு முதலாம் தலைமுறை ஆப்பிள் பென்சில்தான் சேரும். 2023இல் வந்த யூஎஸ்பி-சி பென்சிலை 79 டொலர்தானே, மற்றதைவிட மலிவு என்று பாய வேண்டாம். அது அழுத்தத்தை உணராது.

என்னைக் கேட்டால், வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் டெப்பே வேண்டாம். திரையில்லாத சின்ன வரைபலகை வாங்குங்கள். ஹுயோன், எக்ஸ்பி-பென், வாகொம் எல்லாமே செய்கின்றன. சின்ன அளவுகள் பெரும்பாலும் அந்த 79 டொலருக்கும் கீழேதான். பேனை அழுத்தத்தை உணரும், பெட்டிக்குள் மேலதிக நுனிகளும் அநேகமாக வரும். வரைவதற்கு கிரிட்டா இருக்கிறது, முற்றிலும் இலவசம். கண் திரையில், கை மேசையில் என்பதால் பழக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். முதல் நாள் பிள்ளை எரிச்சல் படும், விட்டுப்பிடியுங்கள்.

போனிலும் பூட்டலாம், ஐபிஸ் பெயிண்ட் போதும். ஆனால் பலகை அன்ட்ரொய்டுக்குச் சேருமா என்று பார்த்து வாங்க வேண்டும். சில போன்களில் செட்டிங்ஸுக்குள் போய் ஓடிஜியை நாமேதான் ஒன் பண்ண வேண்டும். போனை நிமிர்த்தி வைத்தால் பலகையில் ஒரு பகுதிதான் வேலை செய்யும். இது தெரியாமல் "பலகை பழுது" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களும் உண்டு!

கையுறைக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். வியர்வையில் கை ஒட்டாமல் வழுக்கத்தான் அது. பழைய காலுறையை வெட்டிப் போட்டாலும் அதே வேலைதான். பேப்பர் மாதிரி இருக்கும் சொரசொரப்பான ஸ்டிக்கர் வரைய நன்றாக இருக்கும், பேனை நுனியைச் சீக்கிரம் தின்றுவிடும். ஸ்டாண்டுக்கு நாலு பழைய பாடப்புத்தகம் போதும்.

கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ப் பாவித்த டெப் எடுப்பதென்றால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். உள்ளங்கையைத் திரையில் வைத்தபடி மெல்லவும் அழுத்தியும் வரையச் சொல்லுங்கள். பிறகு அடிமட்டம் பிடித்து, சாய்வாக ஒரு கோட்டை மிக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கோடு அலை மாதிரி நெளிந்தால் அந்தச் சோடி வேண்டாம். பில் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

ஏற்கெனவே டெப் வாங்கிவிட்டவர்கள் பின்பக்கத்தில் இருக்கும் மொடல் இலக்கத்தைப் படமெடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். எந்தப் பேனை சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ். பாடசாலை நேரத்தில் மட்டும் கோல் எடுக்க வேண்டாம்.