உப்பிட்டவர் கடன்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நொய்யற்கரை உழவரும் தமக்கு உப்பிட்டவரை நினைத்தே வாழ்கின்றனர். ஆயின் அந்நினைவு நன்றியின்பாற்பட்டது அன்று.

மாணவர்களே, திருப்பூர்ப் பனியனுக்கு நிறமூட்ட உப்பு எதற்கு என்று நீங்கள் வினவலாம். யானும் தமிழ் கற்பித்தே முதுமை எய்தியவன், இதனை அறிந்தேனல்லேன். என்பால் பயின்று இன்று சாயப்பட்டறை ஒன்றில் டையிங் மாஸ்டராக விளங்கும் மாணவரே எனக்கு ஆசிரியரானார். நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின்னூட்டம் கொள்ளும். அதற்கேற்ற சாயமும் எதிர்மின்னூட்டம் உடையதே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அன்றோ? கறியுப்போ கிளாபர் உப்போ இடையே புகுந்து அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் செலுத்துகின்றது. அடர்ந்த நிறம் வேண்டின் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் இடுவர். கடல்நீரிலோ ஏறத்தாழ 35 கிராமே உண்டு! இவ்வாறு இட்ட உப்பு துணியில் தங்குவதன்று. வேலை முடிந்ததும் கழிவுநீரோடு வெளியேறிவிடும்.

'உண்ணும் பொருள்தானே, அதனால் என்ன கேடு?' என்பார் உளர். நிறத்தைச் சிதைக்கலாம்; அழுக்கை நுண்ணுயிர் தின்னும்; உப்பையோ எவ்வுயிரும் தின்று தீர்ப்பதில்லை. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறவுங்கள் என்று வேண்டவேண்டிய உழவரே, திறவாதீர் என்று முறையிடும் காலம் வந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. பிழைப்பு நாடி வந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். உழவர் வயிறும் உழைப்பாளர் வயிறும் ஒருங்கே காய்ந்த காலம் அது.

பிறகு நீரை மீட்கும் நிலையங்கள் தலையெடுத்தன. சவ்வு வழியே நல்ல நீரைப் பிரித்தபின் எஞ்சும் உப்புநீரைக் குளிர்வித்தால், கிளாபர் உப்பு ஒவ்வொரு மூலக்கூறோடும் 10 நீர் மூலக்கூறுகளை அணைத்துக்கொண்டு படிகமாக இறங்குகின்றது. அதனை மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பலாம்.

இங்கே படிகம் விளையவேண்டும் என்பது வேண்டுதல். ஆழ்கடல் எரிவாயுக் குழாயிலோ விளையலாகாது என்பதே வேண்டுதல். அழுத்தமும் குளிரும் மிக்கவிடத்து நீரும் மீத்தேனும் கூடிப் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து குழாயை அடைத்துவிடும். 1934இல் ஹாமர்ஷ்மிட் என்பார் இதனைக் கண்டுரைத்தார். 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவின்மேல் கவிழ்த்த எஃகுக் கூண்டையும் இவ்வுறைபொருளே அடைத்து அம்முயற்சியைக் கெடுத்தது. இதனைத் தடுக்க மெத்தனாலோ கிளைக்காலோ சேர்ப்பர். உப்பும் இவ்வுறைதலைத் தடுக்க வல்லதே. கிளைக்காலைக் காய்ச்சி நீரைப் போக்கி மீளவும் பயன்படுத்துவர். சேர்த்ததைத் திரும்பப் பெறுதலும் அங்குத் தொழிலின் ஒரு பகுதியே.

நம்மவரிடம் எனக்குள்ள குறை ஒன்றுண்டு. கறியுப்பையும் கிளாபர் உப்பையும் வேண்டியவாறு கலந்து பயன்படுத்துகின்றனர். குளிர்வித்தால் கிளாபர் உப்பே எளிதிற் பிரியும். கறியுப்பு அவ்வாறு பிரியாது. முடிவில் எதற்கும் உதவாக் கலப்புப்பு எஞ்சுகின்றது. ஒரு நிலையத்திற்கு ஓர் உப்பே என்று பட்டறையாளர் தமக்குள் வரையறுத்துக்கொள்ளல் இயலாததன்று. மீட்கும் செலவைத் துணியின் விலையிற் சேர்த்து, வாங்கும் அயல்நாட்டு வணிகரிடமும் துணிந்து கேட்கவேண்டும். அதுவரை அக்கலப்புப்பு மூட்டைகள் மழைபடாத கொட்டகைகளில் அடுக்கப்பட்டே கிடக்கும்.