இஷாவுக்குப் பின் நீளும் இரவு

 

பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ, கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ, நம் மக்கள் வாழும் ஒரு தெருவில் நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பு. இன்னொரு வீட்டில் கைப்பேசியில் ஓடும் காணொளி. தெருமுனையில் பரோட்டாக் கல்லின் சத்தம். அதே தெருவில் பஜ்ர் பாங்கு ஒலிக்கும்போதும் நடந்து பாருங்கள். விளக்குகள் அணைந்திருக்கும். பள்ளிவாசலில் முதல் ஸஃப் நிறைவதே பெரிய காரியமாக இருக்கும். அதிலும் பெரும்பாலோர் முதியவர்களாகவே இருப்பார்கள்.

காலை பத்து மணிக்கு மருந்துக்கடை வாசலில் நின்றால் மூன்றாவது காட்சியையும் காணலாம். நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை, தலைவலிக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒரு பொடி, உடல் அசதிக்கு ஒரு சத்து மருந்து. இம்மூன்று காட்சிகளையும் நாம் தனித்தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பஜ்ர் தவறுவதை ஈமானின் குறை என்கிறோம். நெஞ்செரிச்சலை வயிற்றின் குறை என்கிறோம். வேலை ஓடாததைச் சோம்பல் என்கிறோம். இவற்றுள் பெரும்பகுதிக்கு வேர் ஒன்றே என்பது என் கருத்து. இஷாவுக்குப் பின் உறங்க வேண்டிய இரவை நாம் வேறு எதற்கோ கொடுத்துவிட்டோம். அதைத் தனிமனிதர் ஒருவர் திரும்பப் பெற இயலாது. குடும்பமும் ஜமாஅத்தும் சேர்ந்துதான் பெற வேண்டும்.

மார்க்கம் வகுத்த நேரம்

இரவைப் போர்வையாகவும் பகலை வாழ்வாதாரம் தேடும் காலமாகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் திருக்குர்ஆனின் 78-ஆவது அத்தியாயத்தில் நமக்கு நினைவூட்டுகிறான். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வெறும் பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபியவர்கள் துஆ செய்ததை அறிவித்த ஸக்ர் அல்காமிதி (ரலி) ஒரு வணிகர். அவர் தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பி வைத்து, செல்வம் பெருகப் பெற்றார் என்று அந்த அறிவிப்பிலேயே வருகிறது.

வணக்கத்திற்காகக்கூட உறக்கத்தை முற்றிலும் துறக்க நபித்தோழர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. இரவு முழுவதும் நின்று தொழ முனைந்த அபுத்தர்தா (ரலி) அவர்களைத் தடுத்து உறங்கச் செய்து, இரவின் இறுதிப் பகுதியில் எழுப்பித் தொழ வைத்தவர் ஸல்மான் ஃபார்ஸி (ரலி). இறைவனுக்குள்ள உரிமையைப் போலவே உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று அவர் சொன்னதை நபியவர்கள் சரியென ஏற்றார்கள். தஹஜ்ஜுதுக்கே இந்த எல்லை என்றால், கைப்பேசித் திரைக்கு எந்த எல்லையும் இல்லாமல் இருப்பது எப்படி நியாயமாகும்?

நம் பகுதியில் இஷா பெரும்பாலும் எட்டு மணியை ஒட்டியே வந்துவிடுகிறது. பஜ்ர் நேரம் பருவத்திற்கேற்ப ஏறத்தாழ நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் இடையே தொடங்குகிறது. பத்து மணிக்கு உறங்கி ஐந்து மணிக்கு எழுபவருக்கு ஏழு மணி நேர உறக்கம் கிடைக்கிறது. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் அதுவே. தொழுகை நேரங்களே நமக்குப் போதிய கால அட்டவணை. நாம் அதன் இரவுப் பகுதியை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டோம்.

உடல் கேட்கும் கணக்கு

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இந்தியாப் ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர். நம் வீடுகளில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை இல்லாத அலமாரி அரிதாகிவிட்டது. இதற்குப் பரம்பரை, எடை, உணவு, உழைப்பின்மை எனப் பல காரணங்கள் உண்டு. உறக்கமும் அவற்றுள் ஒன்று. ஆனால் அதை யாரும் கணக்கில் கொள்வதில்லை.

காலையில் உண்ணும் அதே உணவை நள்ளிரவை நெருங்கி உண்டால் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. இரவு நேரத்தில் இன்சுலின் முழு வீச்சில் வேலை செய்வதில்லை என்பதே காரணம். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன் குறைகிறது. அதனால்தான் விழித்திருப்பவரின் கை பத்தரை மணிக்கு முறுக்கையும் பிஸ்கட்டையும் தேடுகிறது. நல்ல உறக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்து இதயத்திற்கு ஓய்வு தருகிறது. உறக்கம் கெட்டவருக்கு அந்த ஓய்வும் குறைகிறது. பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் உண்டு உடனே படுப்பவருக்கு, இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி நெஞ்சு எரிகிறது. உண்டதற்கும் படுப்பதற்கும் இடையே இரண்டு முதல் மூன்று மணி நேரம் இருந்தால், பலருடைய எரிச்சல் மாத்திரையின்றியே தணிந்துவிடும்.

ஆகவே முதல் மாற்றம் அடுப்படியில் தொடங்க வேண்டும். இரவு உணவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே முடித்துக்கொள்ளலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபியவர்கள் காட்டிய அளவை அப்போது கடைப்பிடிப்பதும் எளிது. ஏனெனில் நான்கு மணி நேரம் தாமதித்து வந்த பசி அளவு பார்ப்பதில்லை. உண்டபின் இஷாவுக்குப் பள்ளிவாசல் நோக்கி நடக்கும் அந்தச் சிறு நடையே, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்க உதவும் உடற்பயிற்சி. இருநூறு அடி தொலைவிலுள்ள பள்ளிக்கும் இருசக்கர வாகனத்தில் செல்வதை நாம் விட்டுவிட்டால் போதும்.

கடல் கடந்து வரும் அழைப்பு

இங்கே ஒரு சகோதரி கேட்கக்கூடும்: “சவூதியில் அவர் வேலை முடிந்து அறைக்கு வருவதே இரவு பத்து மணிக்கு. அப்போது இங்கே பன்னிரண்டரை. நானும் பிள்ளைகளும் அவர் முகம் பார்க்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அதையும் விடச் சொல்கிறீர்களா?”

இல்லை. இக்கேள்வியைத் தள்ளிவிட்டு எழுதப்படும் எந்த அறிவுரையும் நம் ஊர்களுக்குப் பொருந்தாது. குடும்பத்தாருடன் பேசுவதும், விருந்தினரை உபசரிப்பதும், கல்வி கற்பதும், சமுதாயக் காரியங்களைக் கலந்து பேசுவதும் இஷாவுக்குப் பிந்தைய பேச்சின் வெறுப்பில் அடங்கா என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அந்த அழைப்பு வீண்பேச்சன்று, உறவின் கடமை. நான் வேண்டுவது அழைப்பின் நேரத்தை மாற்றுவது மட்டுமே.

சவூதி, குவைத், கத்தார் ஆகிய நாடுகள் நம் நேரத்திற்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியவை; அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம். சவூதியில் அவர் பஜ்ர் தொழுதுவிட்டு ஐந்து மணிக்கு அழைத்தால் இங்கே காலை ஏழரை. பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இட்லியோ இடியாப்பமோ உண்டுகொண்டிருக்கும் வேளை. உறக்கக் கலக்கத்தில் தலையாட்டும் பிள்ளையைவிட, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையை அத்தா பார்ப்பது எவ்வளவு மேல்! அந்த அழைப்பு இருபது நிமிடமே நீடிக்கலாம். நீண்ட பேச்சுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை இருக்கிறது. ஜும்ஆ முடிந்து அங்கே இரண்டு மணி என்றால் இங்கே மாலை நாலரை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். நாம் இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் கெடுவது அவருடைய உறக்கம். அவர் மஃரிபை முடிக்கும் நேரத்தில் நமக்கு அஸர் வேளை, அப்போது பேசலாம்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பதை அறிவேன். ஆனால் பல வீடுகளில் இந்நேரத்தை மாற்றலாமா என்று ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஆண்டுக்கணக்கில் நள்ளிரவில் விழித்துக் காலையில் பிள்ளைகளுக்காக எழும் தாய்மார்களின் தலைவலியும் படபடப்பும் எரிச்சலும் “அவளுக்குக் கோபம் அதிகம்” என்ற ஒரு சொல்லில் முடிக்கப்படுகின்றன. அது கோபமன்று, கடன் வாங்கப்பட்ட உறக்கம்.

பிள்ளைகளும் இளைஞர்களும்

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும்; பதின்வயதினருக்கு எட்டு மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்த பிள்ளை காலையில் பசியின்றிப் பள்ளி வாகனத்தில் ஏறுகிறது. மாலை மக்தபில் குர்ஆனின் மேல் தலை சாய்கிறது. உஸ்தாதும் ஆசிரியரும் அதை மந்தம் என்கிறார்கள். உறங்கும் மனிதனின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுவதையும், இறைநினைவாலும் உளுவாலும் தொழுகையாலும் அவை அவிழ்வதையும் புகாரியில் உள்ள ஒரு நபிமொழி விவரிக்கிறது. முடிச்சு அவிழ்ந்தவர் உற்சாகத்துடன் காலையை அடைகிறார். அவிழாதவர் சோம்பலுடன் அடைகிறார். நாள் முழுவதும் உழைக்கும் திறனைப் பற்றி நூல்கள் பல பேசலாம். நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நபிமொழியே தொடக்கமாகப் போதும். ஆனால் அதைக் கற்பிக்கும் பெற்றோரின் கைப்பேசி முதலில் படுக்கையறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

நெய்வேலிச் சுரங்கத்திலும் கடலூர் சிப்காட் ஆலைகளிலும் இரவுப் பணி பார்ப்போருக்கும், இரவில் கடலுக்குச் செல்வோருக்கும் மேற்சொன்ன அட்டவணை பொருந்தாது. அவர்களின் விழிப்பு ஹலாலான உழைப்பு. அவர்கள் பகலில் உறங்கும் நேரத்தில் அறையை இருட்டாக்கி, தொலைக்காட்சியை நிறுத்தி, அண்டை வீட்டாரும் ஒலியடக்கிக்கொள்வது நாம் செய்ய வேண்டிய உபகாரம்.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

தனிவீடுகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இஷாவுக்குப் பின் தொடங்கிப் பதினொரு மணி தாண்டும் பயான்கள், நள்ளிரவில் பந்தி முடியும் திருமண விருந்துகள், அதற்கும் பின் ஒலிக்கும் பெருக்கிகள் ஆகியவையும் நம் இரவைத் தின்கின்றன. பஜ்ரின் சிறப்பைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு மறுநாள் பஜ்ரைத் தவறவிடுவது வேதனைக்குரிய முரண். பயான் மஃரிபுக்குப் பின் தொடங்கி இஷாவோடு முடியட்டும். வலீமா விருந்து பகலில் நடக்கட்டும். இந்த இரண்டு தீர்மானங்களுக்கும் ஜமாஅத்துக்கு ஒரு ரூபாயும் செலவாகாது.

மருந்தை விடாதீர்

இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் ஏவியிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தையும் தேனையும் மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்றாகக் கொள்வது சுன்னத்தைப் பேணுவதாகாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இரவு உணவின் நேரத்தை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இல்லையேல் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிபவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, உயிர் தொடர்பானது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் “வாயுதான்” என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியின்றியே மாரடைப்பு வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. தொடர் மருந்து தேவைப்படும் முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. பதிவு செய்யாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நாற்பது நாள் முயற்சி

இன்றிரவே எல்லாம் மாறிவிடாது. நாற்பது நாள்கள் மட்டும் குடும்பமாக முயன்று பார்ப்போம். மஃரிபுக்குப் பின் உணவு, இஷாவுக்குப் பின் கைப்பேசிகள் அனைத்தும் கூடத்து அலமாரியில், பத்து மணிக்கு விளக்கணைப்பு. பஜ்ருக்குப் பின் அரை மணி நேர நடை. லால்பேட்டையார்க்கு வீராணம் ஏரிக்கரை இருக்கிறது, பரங்கிப்பேட்டையார்க்குக் கடற்காற்று இருக்கிறது. அதன்பின் அந்நாளின் கடினமான வேலையை முதலில் எடுங்கள். கடைக் கணக்கு, தேர்வுப் பாடம், அலுவலகக் கோப்பு எதுவாயினும் சரி. லுஹரை ஒட்டி இருபது நிமிடக் கைலூலா போதும். இரண்டு மணி நேரப் பகலுறக்கம் மீண்டும் இரவைக் கெடுக்கும்.

நாற்பதாம் நாள் மருந்துக்கடைச் செலவையும் பள்ளிவாசலின் ஸஃப்பையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அதன் உரிமையை இரவில் கொடுத்தவர், தம் இறைவனின் உரிமையை அதிகாலையில் கொடுக்க எளிதாக எழுவார், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் இரவுகளில் அமைதியையும், அதிகாலைகளில் பரக்கத்தையும், கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களுக்கு ஆஃபியத்தையும் நல்குவானாக! ஆமீன்.