உரம் ஏறவில்லை ஐயா, ஊர் திரும்பிவிட்டான்

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் மலைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையை நண்பர் அனுப்பியிருந்தார். ஜவ்வாது மலைப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவதற்கு வறுமையும் பெற்றோரின் அக்கறையின்மையும்தான் காரணமாம். சக மாணவர்களின் கேலி, அதனால் மனம் கெடுவது என்பதெல்லாம் பட்டணத்துக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளியாம். தன் பணிக்காலத்தில் அப்படி ஒரு புகாரும் மேசைக்கு வந்ததில்லையாம். நாலு பேர் சீண்டினால்தான் பையனுக்கு உரம் ஏறும் என்கிறார். சாட்சிக்கு, சிவில் நீதிபதித் தேர்வில் வென்ற பழங்குடிப் பெண் ஸ்ரீபதியையும் இழுத்து வந்து நிறுத்துகிறார்.

வறுமையிலிருந்தே தொடங்குவோம் ஐயா. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சோறு இலவசம். புத்தகம், சீருடை, படுக்க இடம் எல்லாமே இலவசம். வீட்டில் சாமைக் கஞ்சிக்கே இழுபறி என்றால், அந்தப் பையன் பள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டல்லவா கிடக்க வேண்டும்? மூன்று வேளை சோறு போடுகிற இடத்தை விட்டு, ஒரு வேளை உலை கொதிக்கிற வீட்டுக்கு ஒருவன் ஏன் ஓடி வருகிறான்? உங்கள் கட்டுரை முழுக்கத் தேடினேன், இந்தக் கேள்வியே இல்லை. வறுமை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் ஏஜென்ட் முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவனிடம் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடம் கசந்துவிட்டதே, அது யார் செய்த வேலை?

நீங்கள் வெறும் கேலி என்று ஒதுக்குவதைக் கொஞ்சம் கிட்டத்தில் வந்து கேளுங்கள். மலையிலிருந்து போளூருக்கோ செங்கத்துக்கோ திருப்பத்தூருக்கோ படிக்க இறங்குகிற பையனிடம் முதல் வாரமே வருகிற கேள்வி, "உங்கப்பா வீட்ல இருக்காரா, ஆந்திரா ஜெயில்லயா?" 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. சாவு விழுந்த ஊர்ப் பிள்ளையைத்தான் 'செம்மரம்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அடுத்தது, 'மலையாளி' என்கிற எங்கள் மலைப் பழங்குடியின் பெயரை வைத்து: "மலையாளின்னு சொல்றியே, எங்கே நாலு வார்த்தை மலையாளம் பேசு." தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளை திருதிருவென்று விழிக்க, வகுப்பே சிரிக்கும். உதவித்தொகைப் படிவம் வந்த நாளில் ஆசிரியரே தொடங்கிவைப்பார்: "எஸ்.டி. பசங்கள்லாம் எழுந்திரிங்க." நாற்பது பேர் உட்கார்ந்திருக்க இரண்டு பேர் நிற்பார்கள். மறுநாளிலிருந்து அந்த இரண்டு பேருக்கும் பெயர் கிடையாது.

பகல் பள்ளி என்றால் நாலு மணி மணியோடு தப்பிக்கலாம். மலை மேல் இருக்கும் உறைவிடப் பள்ளி விடுதியில் மணி அடித்த பிறகுதான் பெரிய பையன்களின் ராஜ்ஜியம். தட்டு கழுவு, துணி துவை, இல்லையென்றால் போர்வை இருக்காது. மார்கழியில் அந்த மலைக்குளிரில் போர்வை இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பாளர் மாலை பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டால் விடியும்வரை கேட்பாரில்லை. இதைச் செய்கிறவனும் பெரும்பாலும் மலைப் பையன்தான், இரண்டு வருடம் முன்னால் தானும் தட்டு கழுவியவன். நீங்கள் சொல்லும் உரம் அவனுக்கு இப்படித்தான் ஏறியிருக்கிறது.

பொங்கல் விடுமுறை முடிகிற நாளில் ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான் ஒருவன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருப்பாள், மந்திரித்துக் கயிறும் கட்டியிருப்பாள். பஸ் புறப்பட்டுப் போனதும் வலி நின்றுவிடும். நடிக்கிறான் என்று அப்பா முதுகில் ஒன்று வைப்பார். அவன் நடிக்கவில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைக்கு அது வயிற்றில் வலியாக வரும், படுக்கையில் சிறுநீராகப் போகும், படித்தது தலையில் நிற்காமல் போகும். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்கி, போளூர் தாண்டித் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். கூலியை விட்டுவிட்டு யார் போவார்? பள்ளிப் பதிவேட்டில் 'படிப்பில் நாட்டமில்லை' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

உரம் ஏறும் என்கிற வாதத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு அது. 7, 11 வயதுகளில் சீண்டலுக்கு ஆளானவர்கள் 50 வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம். நாற்பது வருடம் போயும் உரம் ஏறவில்லை ஐயா. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். சாதியும் சிறைக்குப் போன அப்பாவும் இல்லாத பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

புகாரே வரவில்லை என்கிறீர்கள். புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாங்குநேரியில் நடந்தது காட்டிவிட்டது. சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்திய பட்டியலினப் பையன், ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு அந்த மாணவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் மறு ஆண்டு பிளஸ் டூவில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். இதையும் உரம் ஏறிய கணக்கில் சேர்த்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்ரீபதிக்கு வருவோம். குழந்தை பிறந்த இரண்டே நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 23 வயதில் நீதிபதியாகத் தேர்வானவர். அவர் படித்தது ஏலகிரி மலையில். அங்கேயும் குடியிருப்பது மலையாளி மக்கள்தான். சொந்த சனத்துக்கு நடுவில் படித்தவரைக் கொண்டுவந்து, அந்நியர் நடுவில் அவமானப்படுவது நல்லது என்று நிறுவப் பார்க்கிறீர்கள். அவரை யார் சீண்டினார்கள், எங்கே சீண்டினார்கள் என்று ஒரு வரியாவது எழுத வேண்டாமா? அவர் வென்றது அவர் உழைப்பால், வீட்டார் துணையால். சீண்டியவர்களுக்கு அதில் பங்கு பிரித்துக் கொடுக்க நீங்கள் யார்?

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தலைமை ஆசிரியர் தன் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவற்றையும் உங்கள் கட்டுரையில் அதிகப்படி என்கிறீர்கள். மலைக்கு இது பற்றாது என்பது என் புகார். சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு நடுவில் நிற்கிற பள்ளி 500 பிள்ளைகளுக்கு எங்கே போகும்? விடுதி இருக்கிற பள்ளி என்றால் தலையை எண்ணாமல் ஓர் அலுவலரைப் போட வேண்டும். அவர் மாலை பஸ்ஸில் இறங்கிப் போகாதவராக இருக்க வேண்டும்.