ஓய்வுக்குப் பின் ஒரு வனவாசம்

அமெரிக்காவில் உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்ற தம்பதிகள் பலர், வீடாகவே அமைந்த மோட்டார் வண்டியில் தேசியப் பூங்காக்களுக்குச் சென்று, பாதைகளைச் செப்பனிட்டும் வருவோருக்கு வழிகாட்டியும் சேவை செய்து, அதற்குப் பிரதியாக வண்டி நிறுத்த இடமும் தண்ணீரும் மின்சாரமும் பெற்று, மாதக்கணக்கில் அங்கேயே வாசம் செய்கிறார்கள். லாரிக்கு பாடி கட்டுவதில் தேசமெங்கும் கீர்த்தி பெற்ற நாமக்கல்லில் அத்தகைய வண்டி செய்வது அரிய காரியமன்று, அரிதாயிருப்பது மனம்தான். அம்மாவட்டத்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் பிளாஸ்டிக் புட்டிகள் சிதறிக் கிடக்கக் காணும்போதெல்லாம் (மலைக்கோயிலில் அறப்பளீசுவரரைத் தரிசித்த கைகளும் அவற்றை எறிந்திருக்கக் கூடுமே என்பது என் நெஞ்சை வருத்துகிறது) சமவெளியில் திண்ணையோடு காலம் கழிக்கும் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையே நினைக்கிறேன். மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களினும் தகுந்தவர் யார்? மலைமேல் மூன்று மாதம் தங்க ஓர் எளிய அறையை வனத்துறை அளிக்கட்டும்; முதல் விண்ணப்பம் என்னுடையது.