டீசல் ஸ்விஃப்ட்டுக்கு வந்த கிராக்கி

தை, மாசியில் உளுந்தும் பாசியும் களம் சேர்ந்து கையில் நாலு காசு புரண்டால், குளத்தூர்ப் பக்கம் செகண்ட்ஸ் வண்டி வாங்கும் பேச்சு ஆரம்பித்துவிடும். கரிசக்காட்டில் கார் என்பது பவிசுக்கு வாங்குவதில்லை. நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் ஏது?

எல்லாரும் கேட்பது டீசல் ஸ்விஃப்ட், இல்லையென்றால் டிசையர். பத்து வருஷம் ஓடிய வண்டிக்கும் விலை இறங்க மாட்டேன் என்கிறது. 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, அந்த செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம்தான் முடியும் என்று மாருதியே அறிவித்தது. புது வண்டிக்குக் காத்திருந்து அலுத்தவர்கள் பழைய வண்டி பக்கம் திரும்பினார்கள், விலை ஏறியது. சிப் வந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்துத் தட்டுப்பாடு வேறு வகை. 2019-இல் ஆம்னி நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்ததும் மாருதி டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டது. இருக்கிற டீசல் ஸ்விஃப்ட்டுகள் தேயத் தேய, நல்லதாக மிஞ்சியதற்குக் கிராக்கி கூடத்தான் செய்யும்.

கடலுக்கு அந்தப்புறம் இதைவிட மோசம். டாலர் கையிருப்பைக் காக்க இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்த உபயோகக் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், ஓட்டித் தேய்ந்த காரை வாங்கிய விலைக்கு மேலேயே விற்றார்கள்.

விலை கூடுவதைவிட, கிராக்கி வந்ததும் ஜனங்கள் வண்டியைச் சரியாகப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. “அண்ணாச்சி, மதுரைப் பார்ட்டி ஒண்ணு பணத்தோட நிக்கி. இப்பவே டோக்கனப் போட்டுட்டுப் போங்க” என்பார் புரோக்கர். சங்கிலியை அடகு வைத்த பணம் அந்த இடத்திலேயே கைமாறிவிடும்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எத்தனையோ கார்கள் முங்கிக் கிடந்தன. சீட்டைக் கழுவி, பாலிஷ் போட்டு, வாசனை அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்த அடிப்பகுதி நாடாவில் சேற்றுக்கறை கோடாக நின்றால், வண்டி தண்ணீருக்குள் நின்றது என்று அர்த்தம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். தருவைகுளம், வேம்பாறு என உப்புக்காற்றில் நின்ற வண்டியென்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தே ஆக வேண்டும். மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். துரு கீழே உட்கார்ந்திருக்கும்.

புது வண்டி விலையையும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புரோக்கர் வாயில் பழைய விலையே ஓடிக்கொண்டிருக்கலாம். என்னைக் கேட்டால், பக்கத்து ஊரில், யார் ஓட்டினார், எந்த மெக்கானிக்கிடம் விட்டார் என்று தெரிந்த வண்டிக்கு இருபதாயிரம் கூடக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

விற்கிறவருக்கும் ஒன்று. 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் நீட்டிவிட்டு வராதீர்கள். பெயர் மாற்றாமலே பல கை மாறிய கார் மோதி ஒரு பிள்ளை செத்துப்போன வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆர்சியில் பெயர் இருந்த முதல் ஓனரையே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக்கியது. அவர் அந்தக் காரை விற்றது 2007-இல். விபத்து நடந்தது 2009-இல்.