கடைவீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஆலயத்துக்குப் பின்னால் உள்ள பழைய கடைவீட்டை அன்னதானக் கூடத்துக்கு வாங்கலாம் என்ற பேச்சு தொண்டூழியர்கள் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா கேட்கிற விலையை அப்படியே கொடுக்கக்கூடாது என்கிறோம்.

ஜார்ஜ்டவுன் 2008-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். நம்ம இஷ்டத்துக்குச் சுவரை இடிக்க முடியாது, மாநகர் மன்ற அனுமதி வேணும். பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி. சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உதிர ஆரம்பிச்சிடும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் கிடைப்பதே கஷ்டம், கூலியும் மலிவில்லை. உத்திரத்தில் கரையான் வேற இருந்தா? (மழை நாள்ல உள்ளே போய்ப் பாருங்க, புரியும்.)

முன்பணம் கட்டுமுன் பொறியாளர் ஒருவர் கூரையிலிருந்து தரைவரை பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் செலவைக் கழிச்சு விலை பேசணும். உண்டியல் காசு இது. பொதுக்கூட்டத்தில் அந்த அறிக்கையைக் கேளுங்க. அது வராம கையைத் தூக்காதீங்க.