அண்ணன் ஆடினான், தங்கை வாசித்தாள்

கணினி விளையாட்டு வாசிப்பைக் கெடுத்தது என்பது இந்தியக் கல்விப்புலத்தில் பெரிதும் கேள்வியின்றி ஏற்கப்படும் கருத்து. கற்பனை உலகில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளோடு வளர்ந்தவர்களின் பால்ய நினைவுகள் இதை மறுக்கின்றன.

1998இல் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டில் பெரும்பாலான உரையாடல் எழுத்தாகவே திரையில் வரும். 2002இல் வெளிவந்த ‘மோரோவிண்ட்’ விளையாட்டில் சேருமிடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. பிற பாத்திரங்கள் சொல்லும் வழியைப் படித்துப் புரிந்துகொண்டே நடக்க வேண்டும். தவறாக வாசித்தவர் வழிதவறி அலைவார். அதன் உலகிலுள்ள ஏராளமான நூல்களையும் எடுத்துப் படிக்கலாம். ஆங்கிலம் பாடநூலோடு நின்றுவிட்ட வீடுகளில், மதிப்பெண்ணுக்காக அல்லாமல் அகராதியைப் புரட்ட வைத்த முதல் பிரதி பலருக்கு இதுவாகவே இருந்திருக்கும்.

இந்த வாசிப்புக்குச் சான்றுகள் எஞ்சுவது அரிது. நகலெடுத்த குறுந்தகடுகள் கீறலுற்றன. சேமித்த ஆட்டங்கள் வன்தட்டோடு அழிந்தன. கையால் வரைந்த வரைபடங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. இலக்கியத் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் அதை வாய்மொழிச் சான்றாக இப்போதே திரட்ட வேண்டும்.

ஆனால் ஏக்கம் நல்ல சாட்சியன்று. கணினி இருந்த வீடுகள் சிலவே. அங்கும் விசைப்பலகை பெரும்பாலும் மகன் கையில்தான். அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற தங்கை திரையில் எதை வாசித்தாள் என்பதையும் ஆய்வாளர்கள் கேட்க வேண்டும்.